வெள்ளைக்காரப் பெண்ணை நான் எடுத்த படம்

மார்ச் 8, சனி

போன வாரம் நுவரெலியாக் கடையில் ஒரே கம்பெனியின் கேமராக்கள் வரிசையாக இருந்தன. அதில் மிகச் சின்ன மாடலை என் கணவர் எனக்கு வாங்கித் தந்தார்.

இன்று தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னைப் படமெடுக்க வந்தார். கையில் அதே கம்பெனியின் பெரிய மாடல். நானும் என்னுடையதை எடுத்தேன்.

“மொதல்ல நீங்க நில்லுங்க மிஸ்,” என்றேன்.

“கங்காணி பாத்தா ஏசுவாருடி!” என்றாள் பக்கத்து நிரையில் நின்ற மாரியாயி.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு நின்றார். எடுத்தேன். பிறகு அவர் என்னை எடுத்தார்.

எத்தனையோ பேர் என்னைப் படமெடுத்துப் போயிருக்கிறார்கள். ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இன்றைய படம் என்னிடமே இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன், அதுதான் உறுத்துகிறது. கங்காணி காதுக்குப் போயிருக்குமோ, தெரியவில்லை. போகட்டும். என் கணவர் விளக்கை அணைக்கச் சொல்கிறார். இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.