கவிழ்த்து வைத்த கோதுகள்

இன்று காலை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒரு களிம்பு டப்பாவைத் திறந்தேன். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகின் வாசனை. இருபது வருடமாக நான் முகரும் வாசனைதான். ஆனால் இப்போது அது எனக்கு நோயாளிகளை நினைவூட்டுவதில்லை. கிரின்ஸ்டெட்டில், உன் வீட்டின் உடுப்புத் தோய்க்கும் அறையில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த உன் மேசையைத்தான் நினைவூட்டுகிறது. தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை அச்சில் இட்டு அழுத்துவதற்கு முன் இதே மெழுகை விரல் நுனியால் பூசுவாய். "உங்கடை ஆஸ்பத்திரிச் சாமான்தான்" என்று முதல் நாளே என் மூக்கருகில் நீட்டினாய்.

மொழிப்பள்ளியில் ஒரே வாங்கில் அருகருகே இருந்து டெனிஷ் படித்த நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். ஆனாலும் நீ வேட்டைப் பரீட்சை எழுதப்போகிறாய் என்றபோது நான் நம்பவில்லை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்துத் துவக்கு வாங்கிறியோ?" என்று கேட்டேன்.

"அங்கை துவக்கு ஆரின்ரையோ கையிலை இருந்தது. இஞ்சை என்ரை அலுமாரியிலை பூட்டிக் கிடக்கும். திறப்பும் என்னட்டை."

அந்தப் பதில் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. இன்றும்தான். ஆனால் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரியான நீ, என் வெள்ளிக்கிழமை விரதத்தை நினைத்து மான் இறைச்சியைச் சனிக்கிழமை வரை வைத்திருந்து கொண்டுவருவாய். உன்னை எடைபோடும்போது அதையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்த பிறகுதான் நீ தோட்டாக்களைக் கையால் செய்யத் தொடங்கினாய். கடையில் விற்ற செப்புக் குண்டுத் தோட்டாக்கள் உன் பழைய ரைஃபிளுக்கு ஒத்துவரவில்லை. குறி சிதறியது. "மான் முதல் வெடியிலை விழவேணும். நோவோடை ஓடவிடக் கூடாது" என்றாய். அதற்கான அனுமதி எடுத்து, வெடிமருந்தை ஒவ்வொரு கோதுக்கும் தனித்தனியாக நிறுத்து நிரப்பினாய். மருந்து நிறுப்பதே தொழிலான நான் பக்கத்தில் நின்று குறை தேடினேன். உன் தராசில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம் இருந்தது.

அது இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடியப்புறம் உனக்குச் செம்மான் வேட்டை. நீ நிறுக்கும்போது யாரும் கதைக்கக் கூடாது என்பதால் நான் தேத்தண்ணி போடப் போனேன். தட்டோடு திரும்பி வரும்போது தொலைபேசி அடித்து நீ வெளியே போயிருந்தாய். துளையிட்ட பலகையில் பதினாறு கோதுகள் வாய் மேலே பார்க்க நின்றன. கடைசி வரிசையில் நான்கு மட்டும் கவிழ்ந்திருந்தன. நம் வீடுகளில் கவிழ்ந்திருக்கும் பாத்திரம் கழுவியது, எடுப்பதற்குத் தயாரானது. ஆட்கள் வந்தால் ஊற்றுவதற்கு முன் எல்லாக் கோப்பைகளையும் நிமிர்த்தி வைப்போம். என் கை அதே பழக்கத்தில் அந்த நான்கையும் நிமிர்த்தி வைத்தது. உனக்கு ஒரு வேலை குறையும் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவும் தோன்றவில்லை.

நீ வந்தாய், பலகையைப் பார்த்தாய், குண்டுகளைப் பொருத்தத் தொடங்கினாய். நான் விடைபெற்றுக்கொண்டு அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் என் வீட்டுக்குக் கிளம்பினேன்.

வழியில், கடலைக் கடக்கும் பெரிய பாலத்துக்கு முன்னால் ஒரு பெற்றோல் நிலையத்தில் கோப்பி வாங்க நின்றேன். அங்கு நின்ற பெண் கவிழ்த்து அடுக்கிய கோப்பைகளில் ஒன்றை எடுத்து, நிமிர்த்தி, உடனே நிரப்பினாள். நிரப்பும்போதுதான் நிமிர்த்தினாள். நீயும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாய் என்பது அப்போது எனக்கு உறைத்தது. கவிழ்ந்திருந்தவை வெடிமருந்து இன்னும் போடாத வெறும் கோதுகள்.

அது என்ன ஆபத்து என்பதை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். வெடிமருந்து இல்லாத தோட்டாவைச் சுட்டால் சிறு சத்தம்தான் கேட்கும். குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் முகத்துக்கு முன்னால் வெடிக்கும்.

காரில் இருபது நிமிடம் சும்மா இருந்தேன். நீ எப்படியும் கவனித்திருப்பாய் என்று எனக்கே வாதாடினேன். வேலையில் மற்றவர்களின் பிழைகளைப் பிடிப்பவள் நான். என் பிழையைச் சொல்லிப் பழக்கமில்லை. பிறகு உனக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்னடி, பாலம் தாண்டியாச்சோ?"

"இல்லை. அந்தப் பலகையிலை கவிண்டு கிடந்ததுகளை நான் நிமித்தி வைச்சனான்."

"எத்தினை?"

"நாலு."

"போனை வை. பாத்திட்டு எடுக்கிறன்."

முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தாய். "நிறுத்துப் பாத்தன். நாலும் இலேசு. மிச்சம் பதினாறையும் பிரிச்சுப்போட்டன்."

"அதுகள் நிறை சரிதானே? ஏன் பிரிச்சனி?"

"சந்தேகத்தோடை துவக்கைத் தோளிலை வைக்கேலாது. பாதிப் பிழை என்னிலைதான். ரோர்ச் லைற் அடிச்சு உள்ளுக்குப் பாக்கிறனான், இண்டைக்குப் பாக்கேல்லை. எல்லாம் நிமிந்து நிண்டதை நம்பிப்போட்டன்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு நித்திரை கொள்ளுவன். மானும் கொள்ளட்டும்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ விடவில்லை. "சொல்லிப்போட்டாய்தானே. இனித் தேத்தண்ணியைக் குடி."

"கோப்பி" என்றேன்.

"பாத்துக் குடி, ஊத்தினதோ எண்டு."

மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை, நீ இறைச்சிப் பொதியோடு வந்தாய். மிளகு தூக்கலாகப் போட்டுக் கறி வைத்தோம். "ஒரே வெடி" என்றாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு இலையுதிர்காலங்கள் உனக்குக் கிடைத்தன. நோய் வந்ததும் ரைஃபிளை நீயே ஒழுங்காகப் பொலிஸில் கையளித்தாய், அச்சையும் தராசையும் உன்னோடு வேட்டைக்குப் போன ஒருவருக்குக் கொடுத்தாய். எனக்கு ஒரு வெறும் கோதைத் தந்துவிட்டுப் போய்விட்டாய். அது என் சமையலறை யன்னலில் கவிழ்ந்தபடி இருக்கிறது. துடைக்க எடுத்தாலும் அப்படியே திருப்பி வைக்கிறேன்.

போன கிழமை ஒரு மருந்துச் சிட்டையில் அளவைப் பிழையாக எழுதி அனுப்பிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. நானே நோயாளர் பகுதிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை. இம்முறை இருபது நிமிடம் எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு ஓய்வறைக்குப் போய் அடுக்கிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தேன். அதை மட்டும் நிமிர்த்தி, தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.