பாப் ஸுவைக்கா வீடு இனி நம்முடையது இல்லை

அன்பு மகள் ஷிராஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், உன் குட்டித் தங்கை லீனா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அல்லாவுக்கு நன்றி, உடம்பைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். லைப்சிக்கில் குளிர் தொடங்கியிருக்கும், நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, ரொட்டியும் காப்பியும் மட்டுமே சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுகிறாயா தெரியவில்லை. பதில் எழுத இவ்வளவு தாமதம் ஆனதற்குக் கோபப்படாதே. போனில் சொல்லிவிடலாம் என்று பலமுறை எடுத்தேன், இந்த வீட்டில் முற்றத்தில் நின்று முணுமுணுத்தாலும் எல்லா அறைக்கும் கேட்கிறது, உன் அப்பா காதில் விழ வேண்டாம் என்று வைத்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், பாப் ஸுவைக்காப் பேட்டையில் வாங்கிய இந்த வீடு போய்விட்டது. கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும்.

நீ பதறுவாய், எப்படி என்று கேட்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம். நாம் முரூஜ் புறநகரில் இருந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு இங்கே கிளம்பியபோது மேல்வீட்டு சோனியா சொன்னது உனக்கு நினைவிருக்கும், "கழுதைகூட திரும்ப முடியாத சந்துக்கா போறீங்க, எலியோட குடித்தனம் பண்ணவா?" என்று படிக்கட்டில் வைத்துச் சிரித்தாள். இப்போது அதே சந்தில் மாடிக்கு மாடி காப்பிக்கடை, மெத்தைக்குக் கம்பளி அடிக்கிற கடை இருந்த இடத்தில் ஓவியம் விற்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் நம் வாசல் கதவின் ஆணிகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உன் அப்பா கணித்தது சரிதான், இந்தப் பேட்டை தலையெடுக்கும் என்று அவர் சொன்னபடியே எடுத்தது, அதில் எங்களுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

வாங்கும்போது இரண்டு தவறு நடந்தது. வீடு, விற்ற பெரியவர் சி பஷீருக்கும் அவர் தம்பிகளுக்கும் ஒரு தங்கைக்கும் பெற்றோர் வழியில் பொதுவாக வந்தது என்று உனக்குத் தெரியும். ஆண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், தங்கை லெல்லா ஸக்கியா ஸ்ஃபாக்ஸிலிருந்து வரவில்லை. அவர் பங்கு சின்னது. சி பஷீர் நெஞ்சில் கை வைத்து, "அவ என் தங்கச்சி, என் வாயில வர்றதுதான் அவ வார்த்தை, ரம்ஜானுக்கு வருவா, வந்ததும் போட்டுடுவா" என்றார். நான் உன் அப்பாவின் கையைக் கிள்ளினேன். வெளியே வந்ததும் அவர், "ஒரு மனுஷன்கிட்ட அவன் தங்கச்சியைப் பத்தி ரெண்டாவது தடவை கேக்கிறது மரியாதையா ரவ்தா?" என்று என்னையே கடிந்துகொண்டார். நம் ஆண்களின் மரியாதை இருக்கிறதே, அது ஊருக்கெல்லாம் குடை பிடிக்கும், நம் கூரையை மட்டும் நனைய விட்டுவிடும். இரண்டாவது தவறு உன் சித்தப்பா ரியாத் செய்தது. பத்திரத்தில் உண்மை விலையை எழுதவேண்டாம், பாதிக்கும் கீழே எழுதுங்கள், பதிவுக் கட்டணம் மிச்சம், மீதியைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்றான். எல்லோரும் செய்கிறதுதான், நீயும் கேள்விப்பட்டிருப்பாய். நான் கூடாது என்றேன். "அண்ணி, நீங்க காலேஜ்ல படிச்ச சட்டத்தை காலேஜ்லயே விட்டுட்டு வாங்க. இந்த ஊர்ல முழு விலையை எழுதுறவன் ஒண்ணு வெளிநாட்டுக்காரன், இல்லைன்னா முட்டாள்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார்.

ரம்ஜானுக்கு லெல்லா ஸக்கியா சொன்னபடி வந்தார். பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். அப்போதுதான் நாங்கள் முற்றத்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கழுவிப் பதித்து முடித்திருந்தோம், உன் அறையின் விட்டத்தை மாற்றியிருந்தோம், தண்ணீர்க் கிடங்கைத் தூர்வாரியிருந்தோம். அந்த அம்மாள் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே நடந்தார். "நான் பொறந்த அறை இது. எங்க அம்மா இருந்திருந்தா உன் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்திருப்பா மகளே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். என் கையால் சூப் ஊற்றிக் கொடுத்தேன், எங்களோடு நோன்பு திறந்தார். கையெழுத்து விஷயத்தை அப்பா எடுத்தபோது, "சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி காகிதம் எதுக்குப்பா, பெருநாள் முடியட்டும்" என்றார். பெருநாள் முடிந்தது, கோர்ட் அமீனா நோட்டீஸோடு வந்து நின்றான்.

ஷுஃபா என்று ஒன்று இருக்கிறது, நீ பொறியியல் படிக்கிறவள், உனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் வராமல் இருக்கட்டும். பொதுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை அந்நியருக்கு விற்றால், இன்னொரு பங்காளி அதே விலையைக் கட்டி, வாங்கியவரை வெளியே அனுப்பலாம். அதே விலை என்றால் பத்திரத்தில் இருக்கிற விலை. லெல்லா ஸக்கியா அதைத்தான் கட்டியிருக்கிறார். பணம் அவருடையதுகூட இல்லை, அவர் மருமகனுடையது, அவன் இங்கே விருந்தினர் விடுதி நடத்தப் போகிறானாம், என் ஓடுகளின் படத்தை இப்போதே போட்டு விளம்பரம் செய்திருக்கிறான். கையில் கொடுத்த மீதியைக் கேட்க உன் அப்பா சி பஷீரிடம் போனார். அந்த மனிதர் காப்பி வரவழைத்துக் கொடுத்து, "நீங்க தந்தீங்க, நான் வாங்கினேன், அது அல்லாவுக்குத் தெரியும் தம்பி. ஆனா கோர்ட்டுல உங்களாலயும் வாயைத் திறக்க முடியாது, என்னாலயும் முடியாது" என்றாராம். ரியாத் மட்டும் என்ன, "நானா அண்ணி அந்தம்மாவை ஸ்ஃபாக்ஸ்லேருந்து கூட்டிட்டு வந்தேன்?" என்று கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். நல்லதுதான், வந்தால் உட்கார வைக்க வீடு வேண்டுமே.

கையில் திரும்பி வருகிற பணத்தில் முரூஜில் நாம் விற்றதுபோல ஒரு ஃபிளாட்டில் பாதிகூட வாங்க முடியாது. அங்கேயே இரண்டு அறை வாடகைக்குப் பார்த்திருக்கிறோம், சோனியா இருக்கிற கட்டிடத்திலேயே, தரைத்தளத்தில், வேறு கிடைக்கவில்லை. படிக்கட்டில் அவளைப் பார்க்கும்போது என்ன முகம் வைத்துக்கொள்வது என்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். லீனா தன் பொம்மைகளை முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் வரிசையாக உட்காரவைத்து, "காலி பண்ணுங்க, காலி பண்ணுங்க" என்று விரட்டி விளையாடுகிறாள். அடிக்கக் கை ஓங்கினேன், அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

உன் படிப்புக்கு எதுவும் ஆகாது, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, பாட்டி எனக்குப் போட்ட தண்டைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. உனக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். யாராவது "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தால், நீ கூடச் சேர்ந்து சிரிக்காதே, எழுந்து வந்துவிடு. உன் அப்பாவோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசினால் "நான் சொன்னேனே" என்ற வார்த்தைதான் முதலில் வரும், அதை வாயிலேயே மென்றுகொண்டிருக்கிறேன்.

நேற்று அவர் ஒரு வாளிச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். மழைக்கு முன்னால் அடிக்க வேண்டியதுதான், வருஷா வருஷம் இந்தப் பேட்டையில் எல்லோரும் அடிப்பார்கள். கீழே நின்று கத்தினேன், யார் தலை நனையக்கூடாது என்று அடிக்கிறீர்கள், அந்த மருமகன் தலையா, அவன் விருந்தாளிகள் தலையா என்று கேட்டேன். அவர் மட்டையை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "ஒழுகினா முதல்ல ஷிராஸ் அறைதான் ஒழுகும்" என்றார். நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

நீ அவருக்குப் போன் செய்யும்போது வீட்டைப் பற்றி எதுவும் கேட்காதே, உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்லட்டும். ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் காய வைத்த புதினாவும் தனியாக அனுப்பியிருக்கிறேன். அல்லா உன்னைக் கெட்ட கண்ணிலிருந்தும் இனிக்கப் பேசுகிறவர்களிடமிருந்தும் காப்பாற்றட்டும், உனக்கென்று ஒரு கதவு உன் பெயரில், உண்மை விலையில் அமையட்டும். மறக்காதே, அடுத்த கடிதத்தை இந்த விலாசத்துக்குப் போடாதே.

இப்படிக்கு,
மாதக் கடைசி வரை இதே விலாசத்தில் இருக்கும்
உன் அம்மா ரவ்தா