மழை கேட்காத வீடு

1997 செப்டம்பர், திங்கள் இரவு

இன்றும் சூரியன் புகைக்குள்ளேயே எழுந்து புகைக்குள்ளேயே விழுந்தது. மழை பெய்து வாரக்கணக்கில் ஆகிறது. மழை இல்லாததால் ஒரு நாள்கூட விடாமல் பால்மரம் வெட்டுகிறோம், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறோம். அதில் எஸ்டேட்டில் பலருக்கும் சந்தோஷம்தான், வாய்விட்டுச் சொல்வதில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு லெட்சுமி வந்தாள். இடுப்பில் மகள். பிள்ளைக்கு மூச்சு இழுப்பு, சிரம்பான் ஆஸ்பத்திரி மருந்துக்கும் அடங்கவில்லை.

"அக்கா, கோயில்ல மழைக்குப் பூசை வைக்கிறோம். வீட்டுக்கு ஒருத்தராச்சும் வாங்க."

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. "கடலுக்கு அக்கரையில காட்டைக் கொளுத்துறான், அந்தப் பொகை நாம பூசை போட்டா நின்னுருமா? பட்டை நனைஞ்சா மரம் வெட்ட முடியாது லா. அப்புறம் சோத்துக்கு எங்க போறது?"

"நீங்களும்தான் அண்ணே தினம் பின்னால குப்பையைக் கொளுத்துறீங்க. எம்பிள்ளைக்கு எல்லாம் ஒரே பொகைதான்."

நான் தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகவில்லை. அவள் போனதும் அவர் வழக்கம்போல் குப்பைக்குத் தீ வைத்தார்.

சற்று முன் தகரக் கூரையில் டப்பென்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. மழையோ, நாளை வேலை போச்சே என்று எழுந்தேன். கதவைத் திறந்தேன். வாசல் காய்ந்து கிடந்தது. மரத்திலிருந்து ரப்பர்க் கொட்டைகள்தான் விழுந்திருக்கின்றன. அப்பாடா என்றிருந்தது.

எதிர்வாசலில் லெட்சுமி நின்றிருந்தாள். அவளும் சத்தம் கேட்டுத்தான் வந்திருக்கிறாள். உள்ளங்கையை விரித்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் கதவைச் சாத்திவிட்டேன்.