ஓடைப்பட்டியில் தொலைந்த ட்ரோன்

ஞாயிறு, இரவு.

நண்பன் ரஹீமிடம் இரவல் வாங்கிய ட்ரோனை இன்று தொலைத்துவிட்டேன். ட்ரோன் பார்ப்பதைக் கண்முன் காட்டும் கண்ணாடியான காகிள்ஸை மாட்டி ஓட்டியது இது மூன்றாவது தடவைதான். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு மேல் படம் சட்டென்று இருண்டது. இரண்டு மணி நேரம் தேடினேன். எங்கு பார்த்தாலும் ஒரே பச்சைப் பந்தல். ரஹீம் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தவித்தேன்.

திராட்சை வேலைக்குப் போகும் என் மனைவி செல்வி, காகிள்ஸில் பதிவாகியிருந்த கடைசிக் காட்சியை என் போனில் வாங்கிப் பார்த்தாள்.

"தளிரைப் பாருங்க. கிளைய வெட்டிக் கவாத்து பண்ணிப் பதினஞ்சு நாள் ஆன கொடி. இந்தப் பக்கம் முருகேசண்ணன் தோட்டத்துலதான் அப்பக் கவாத்து பண்ணுனாக. அங்கன போவோம்."

அங்கே பந்தல் கம்பியில் ட்ரோன் முழுசாகத் தொங்கியது. அசந்துபோனேன்.

திரும்பும் வழியில் கேட்டாள்: "ஒரு தடவை அந்தக் கண்ணாடிய நான் மாட்டிப் பாக்கவா?"

இத்தனை நாளில் நானாக அதை அவளிடம் நீட்டியதே இல்லை.