நேரம் சொல்லும் குரல்

மார்ச் 4

என் சிட்டுவுக்கு,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. உன் அண்ணன் அடித்துப் பார்த்து ஓய்ந்துபோய், "ரெண்டு பேரும் ஒரே டீம்ல ஆடினீங்க, உனக்கே எடுக்கலன்னா நான் யாரு?" என்று என்மேல் எரிந்து விழுகிறார். நாத்தனார் செய்கிற வேலைக்கு அண்ணி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அதனால்தான் பேனாவைப் பிடித்துவிட்டேன். முகாமில் மேனேஜர் நம் போன்களைப் பிடுங்கி பீரோவில் பூட்டியபோது உன் அண்ணனுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினோமே, அந்தப் பழக்கம் இன்னும் கையில் இருக்கிறது. கோழி கிளறின மாதிரி எழுத்து, பொறுத்துக்கொள்.

முழங்காலில் தையல் பிரித்தாகிவிட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். உன் அண்ணன் சமைக்கிறேன் பேர்வழி என்று அடுப்படியைப் போர்க்களமாக்கி வைத்திருக்கிறார்.

ரக்பி சங்கத்திலிருந்து நல்ல செய்தி எதுவும் இல்லை. உலகத் தொடரிலிருந்து நம்மைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கியதும் விளம்பரக் கம்பெனி கைகழுவிவிட்டது. நம் மைதானத்தைக் கால்பந்துக்காரர்கள் முழு நேரத்துக்கும் கேட்கிறார்களாம். ஏழு பேர் ஆடுகிற பெண்கள் செவன்ஸ் அணி இனி தேவையா என்று பார்க்க விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். நீ எதையும் படிக்காதே. கண்டவனும் கண்டதை எழுதுவான். வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அண்ணி

---

மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். கால் ஆறும்வரை மாடிப்படி ஏறாதீர்கள். அண்ணன் சமையலை மட்டும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிடுங்கள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பார்சல் கோடவுனில் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். பெல்ட்டில் வருவதைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கூண்டுக்கு என்று முடிவு செய்து எறிய வேண்டும், அது எனக்குச் சுலபமாக வருகிறது. முதல் நாளே மேற்பார்வையாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பார்த்தும்மா, வெளிய உதைச்சிடாத, இன்னும் நேரம் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? பஸ்ஸில் ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "நாட்டு மானத்தையே வாங்கிட்டியே" என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணி, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நாம் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். நேரம் முடிந்து மணி அடித்த பிறகு பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்தால் ஆட்டம் நமக்கு, அதற்கு முன்னால் உதைத்தால் பந்து அவர்களுக்கு. இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பந்து கையில் இருப்பவள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, நேரம் சொல்ல ஒரே குரல்தான் இருக்க வேண்டும் என்று கேப்டனாக நீங்கள் வைத்த சட்டம். சம்பளம் வராமல் பயிற்சியாளர் பாதியில் போய்விட்டார். மாற்று ஆட்டக்காரிகள் கட்டுப்போட உள்ளே போயிருந்தார்கள். கோட்டோரம் நீங்கள் மட்டும்தான், முழங்காலில் அடிபட்டு வெளியே வந்து நின்றீர்கள். "முடிஞ்சிருச்சு சிட்டு, வெளிய உதை!" என்று கத்தினீர்கள். உதைத்தேன். பந்து அவர்கள் கைக்குப் போய், கடைசி நொடியில் ஜெயித்துவிட்டார்கள்.

அடித்தது பக்கத்து மைதானத்து மணி என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த இரைச்சலில் யாருக்குத்தான் தெரியும்? உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, சத்தியமாக இல்லை. குழுவில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். திட்டில் பாதியை நீங்கள் வாங்கிக்கொண்டால் மீதியை நான் சமாளித்துவிடுவேன்.

உங்கள் செல்லச்
சிட்டு

---

மார்ச் 21

என் கண்ணே,

உன் கடிதத்தை உன் அண்ணன் பார்க்காமல் எடுத்து வைக்கவே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. நான்தான் கத்தினேன். உன்னிடம் இல்லை என்று சொல்வேனா? சோற்றில் கை வைத்தால் அந்த நிமிஷம்தான் ஞாபகம் வருகிறது.

ஆனால் நிலைமையைக் கேள். குழுவில் பாதிப் பேர் நம்மை இழுத்து மூட ஒரு சாக்கு தேடுகிறார்கள். மற்ற பாதி, சின்னப் பெண்களைத் திரட்டிப் புது அணி கட்டலாம், பயிற்சியாளராக என்னைப் போடலாம் என்கிறார்கள். மைதானத்தில் ஒருத்தி பதறிவிட்டாள் என்றால் அது ஒரு நாள் தவறு, ஆட்டம் பிழைத்துக்கொள்ளும். கேப்டனுக்கே நேரம் பார்க்கத் தெரியவில்லை என்றால் அன்றைக்கே கதவைச் சாத்திவிடுவார்கள். போன வருஷத்து ஜெர்சியில் எண்ணை ஒட்டிக்கொண்டு ஆடினோம். விமானச் செலவுக்கு ஆளைக் குறைத்துக்கொண்டு போனோம். எல்லாம் எதற்கு, இப்படி முடியவா?

உனக்கு வயது இருக்கிறது. ஜனங்களும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். புது அணிக்கு அனுமதி மட்டும் கையெழுத்தாகட்டும். மறுநாளே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு நானே சொல்கிறேன். உன் அண்ணன்மேல் ஆணை. அதுவரை எனக்காகப் பல்லைக் கடித்துக்கொள்.

தலைகுனிந்து,
அண்ணி

---

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

குழுவுக்குப் போய்வந்தேன். உங்களை முந்தின நாளே விசாரித்துவிட்டார்களாம். நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், எனக்கு மட்டும் இல்லை. தலைவர் நல்ல மனுஷர்தான். "யாராவது சொல்லி உதைச்சியா, நீயா உதைச்சியாம்மா?" என்று கேட்டார். வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. "நானாத்தான் சார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவேன் என்று எனக்கே பயம். நல்லவேளை, கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு எனக்குத் துணையாக வந்திருக்கிறார். கதவு திறந்துதான் இருந்தது, நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. என் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை நடந்து வந்தார். பஸ் ஏறும்போதுதான், "ஏம்மா இப்படிப் பண்ணின? உங்க அண்ணி அந்தக் காலோட எப்படித் துடிச்சா தெரியுமா?" என்றார். சின்ன வயதில்கூட அண்ணன் என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

ஊருக்கு எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள், அண்ணனிடம் மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்
சிட்டு

---

ஆகஸ்ட் 2

என் தங்கச் சிட்டுவுக்கு,

கையெழுத்தாகிவிட்டது! அணி பிழைத்துவிட்டது! மைதானம் காலை வேளையில் நமக்குத்தான். முதல் நாள் எத்தனை பெண்கள் வரப்போகிறார்களோ என்று விடிவதற்கு முன்பே போய் வாசலில் நின்றுவிட்டேன். வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் உன் அண்ணனே விசில் அடித்துவிட்டார். ஒருத்தி உன்னை மாதிரியே இடது பக்கம் சாய்ந்து ஓடுகிறாள். பெயரைக் கேட்பதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

அந்த விஷயம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். புது விளம்பரக் கம்பெனி இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் இந்தப் பிள்ளைகள் தெருவில் நிற்கும். உன் அண்ணனிடம் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். இன்னும் கொஞ்சம் பொறு.

டிவியில் என் பேட்டி பார்த்தாயா? உன்னைப் பற்றிக் கேட்டார்கள். விட்டுக்கொடுப்பேனா? "அவ சின்னப் பொண்ணு, பதட்டத்துல தப்புப் பண்ணிட்டா, தயவுசெஞ்சு எல்லாரும் அவளை மன்னிச்சிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குப் பிறகு உன்னை ஒருவரும் ஏசுவதில்லை, கவனித்தாயா? உன் அண்ணன் பார்த்துவிட்டு அழுதேவிட்டார்.

கோடவுன் வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. எனக்கு உதவிப் பயிற்சியாளராக உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பின்னறையில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று.

வழிமேல் விழிவைத்து,
அண்ணி

---

ஆகஸ்ட் 15

அண்ணிக்கு,

பேட்டி பார்த்தேன். கோடவுன் கேன்டீனில் சாப்பாட்டு நேரம். நீங்கள் கும்பிட்டதும் கை தட்டினார்கள். "எவ்ளோ பெரிய மனசு!" என்றார் மேற்பார்வையாளர். என் முதுகில் தட்டி, "மன்னிச்சிட்டாங்க பாரு, இனிமே கவலைப்படாத" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

திட்டினதெல்லாம் தாங்கிக்கொண்டேன் அண்ணி. இந்த மன்னிப்பைத்தான் தாங்க முடியவில்லை. செய்யாத தவறுக்கு வசவு வாங்குவது வேறு. அந்தத் தவறைச் செய்தவரே எனக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்பது வேறு. அந்தப் பேட்டியில் உங்கள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நீங்கள் சொன்னதை நீங்களே நம்பத் தொடங்கிவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது.

நான் வரவில்லை. கட்டிலை எடுத்துவிடுங்கள்.

கோபத்தில் எழுதவில்லை. எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். அணி பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பெண்களை நீங்கள் நன்றாகக் கொண்டுவருவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செவன்ஸில் ஏழு பேரும் அவ்வளவு பெரிய மைதானத்தில் தனித்தனியாகத்தான் நிற்கிறோம். பின்னாலிருந்து வருகிற குரலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால்தான் ஓட முடியும். எனக்கு இனி உங்கள் குரல் கேட்டால் கால் நகராது. அப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

அன்றைக்குக் குழுவில் சொன்னது சொன்னதுதான். யாரிடமும் மாற்றிச் சொல்ல மாட்டேன். நீங்களும் இனி சொல்ல வேண்டாம். அண்ணன்மேல் வைத்த ஆணையை நானே எடுத்துவிடுகிறேன். உண்மை தெரிந்தால் அவர் உங்களை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவராவது வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும்.

சிட்டு ஏன் வரவில்லை, ஏன் எழுதுவதில்லை என்று கேட்பார். கோடவுனில் வேலை அதிகமாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்.

சிட்டு