ஒன்பது பேர் கையெழுத்தையும் நானே போட்டது குறித்து

அனுப்புநர்:
நா. சத்யபிரியா (வயது 24),
த/பெ. நாகராஜ், பலசரக்குக் கடை,
பந்தல்குடி, அருப்புக்கோட்டை வட்டம்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
நுழைவுத் தேர்வு இலவசப் பயிற்சித் திட்டம்,
அருப்புக்கோட்டை.

பொருள்: ஞாயிறு பயிற்சி வகுப்பு – பொய் வருகைப் பதிவு – கணித ஆசிரியர் திரு. பொன்ராஜ் நீக்கம் – உண்மையை ஒப்புக்கொண்டு மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கான தங்கள் வகுப்பில் ஜூன் முதல் படித்து வருகிறேன். தொடக்கத்தில் பதினான்கு பேர் இருந்தோம். ஒருவருக்குத் திருப்பூரில் வேலை, ஒருத்திக்குக் கல்யாணம், மற்றவர்களுக்குக் கணக்கென்றாலே கசப்பு. ஆகஸ்டு 10 முதல் நான் ஒருத்திதான்.

2. பத்துப் பேருக்குக் குறைந்தால் வகுப்பு ரத்து என்பது விதி. ஆகவே வராதவர்களில் ஒன்பது பேரின் கையொப்பத்தையும் பத்து வாரமாகப் பதிவேட்டில் நானே இட்டேன். வாசல் மேசையில் இருக்கும் அந்தப் பதிவேட்டை ஆசிரியர் திறந்துகூடப் பார்த்ததில்லை. போடும்போது வெட்கமாக இருந்தது. அவர்களும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போலச் சற்று ஆறுதலாகவும் இருந்தது. சுகப்பிரியா தன் பெயருக்கடியில் இரண்டு புள்ளி வைப்பாள். அதைக்கூட நான் விட்டதில்லை.

3. கடந்த 12-ஆம் தேதி ஆய்வுக்கு வந்த அலுவலர் கண்டது பத்துக் கையொப்பம், ஓர் ஆள். பழி ஆசிரியர் மேல் விழுந்து, மறுநாளே அவரை நீக்கிவிட்டார்கள்.

4. அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஒரு கணக்கு போதும். தொட்டியில் 240 லிட்டர் தண்ணீர். தினமும் 18 லிட்டர் செலவு. 60 லிட்டருக்குக் குறையாமல் இருப்பு வேண்டும். எத்தனை நாள் எடுக்கலாம்? 240 − 18x ≥ 60, அதாவது −18x ≥ −180 என்பது வரை சரியாகப் போட்டு, x ≥ 10 என்று முடித்தேன். “உன் கணக்குப்படி எத்தனை நாள் எடுத்தாலும் தண்ணி தீராதும்மா. நம்ம பக்கம் அப்படி ஒரு தொட்டி இருந்தா எனக்கும் சொல்லு” என்று சிரித்தார். பிறகு, குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும், விடை x ≤ 10 என்பதை எனக்குப் புரியும்வரை மூன்று முறை போட்டுக் காட்டினார்.

5. புத்தகத்தின் கடைசிப் பக்கம் விடையை மட்டும்தான் சொல்லும். எந்த வரியில் தவறினேன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இது என்ன படிப்பு என்பதே என் வீட்டில் யாருக்கும் தெரியாது. வாரத்தில் ஒருநாள் எனக்கிருந்த அந்த ஓர் ஆள் இவர்தான். ஒருத்திக்காகத் திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி வந்து, பதினான்கு பேருக்கு எழுதியதைப் போலவே பலகை நிறைய எழுதினார். போன ஞாயிறு பூட்டிய கதவு வரை போய்த் திரும்பினேன்.

6. ஆகவே, பொய்ப் பதிவுக்கு நானே பொறுப்பு என்று ஏற்று, அவருடைய நீக்கத்தை ரத்து செய்ய வேண்டுகிறேன். என் பெயரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டாலும் ஆட்சேபணை இல்லை. அவர் பொய்யர் என்று பேர் வாங்கக் கூடாது.

7. பலர் கையொப்பமிட்ட மனுவுக்குத்தான் மதிப்பு என்று அறிவேன். ஒன்பது பேர் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி. ஆனாலும் இதில் என்னுடையது ஒன்றுதான் இருக்கிறது.

நாள்: 22.10.2025
இடம்: பந்தல்குடி

இப்படிக்கு,
நா. சத்யபிரியா