கடல் பார்க்கும் மேடை

5-2-2025, புதன்

சதுரங்கப்பட்டினத்தில் புதுப்பிக்கப் போகும் பழைய துணி வியாபாரி வீட்டைப் பற்றிய அறிக்கையை இன்ஜினியர் ஜோசுவாவுக்கு அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு பக்கம். முப்பது ஆண்டு பொதுப்பணித் துறையில் வரைபடம் போட்டவன், அங்குலம் பிசகாது. மொட்டை மாடிக்கு மேலே தனியாக நிற்கும் சின்ன மேடையை மட்டும் அவர் எடுத்த படங்களைப் பார்த்து எழுதினேன். எதிரெதிரே இரும்புக் கொக்கிகள். குறுக்கே மூங்கில் போட்டுச் சாயப் பட்டு உலர்த்தியிருப்பார்கள், பிற்காலத்தில் கட்டியது, நீக்கலாம்.

படி செங்குத்து. நான் ஏறவில்லை. அதை அறிக்கையில் எழுதவும் இல்லை.

6-2, வியாழன்

சாப்பிடும்போது மனைவி குழலியிடம் சொன்னேன். சாயக்காரர் வீட்டுப் பெண். சிரித்ததில் புரையேறியது.

"சாயம் போட்ட பட்ட வெயில்ல எவனாவது காயப் போடுவானா? நெழல்லதான் போடணும். அதுவும் உப்புக் காத்துல! காஞ்சிவரத்து நெசவுக்காரர் வீட்டுப் புள்ளைக்குக் கொக்கியப் பாத்தாலும் நூலு, கம்பியப் பாத்தாலும் நூலு."

இது எனக்குத் தெரியாததா? ஏன் தோன்றவில்லை?

7-2, வெள்ளி

ஜோசுவாவின் எண்ணை மூன்று முறை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். பிறகு அவரே கூப்பிட்டார்.

"சார், ரிப்போர்ட் சூப்பர். மண்டே மேடைய இடிச்சிட்டு சோலார் பேனல் வெச்சிடுறோம்."

நல்லது என்றேன். நல்லதா! நானா சொன்னேன்? வீட்டோடு கட்டிய பழைய மேடையாக இருந்தால்? என் ஒரு வரியால்— ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். நாளைக்கே போகணும். ஏறணும்.

8-2, சனி

திரும்பும் பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து குதிக்கிறது. நானும்தான்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் என்னைக் கண்டதும், "இன்னா சார், அன்னிக்குக் கீழயே அண்ணாந்து பாத்துக்கினு நின்னீங்க, இன்னிக்கு ஏறப் போறீங்களா?" என்றாள். "ஏறுங்க, பின்னாடியே வரேன். உழுந்தா எம்மேலதான் உழுவீங்க."

பதினேழு படி. எட்டாவதில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்க சார்! படி எப்படித் தெரியும்?"

ஏறிவிட்டேன்!

சவுக்குத் தோப்புக்கு மேலே முழுக் கடல். மொட்டை மாடியிலிருந்து கீற்றுகூடத் தெரியாத கடல்! மேடை நடுவே, சுண்ணாம்பு வைத்து அடைத்த வட்டக் குழி. கப்பலுக்கு அடையாளம் காட்டக் கொடிமரம் நட்டிருந்திருக்கிறார்கள், கொக்கிகள் அதை இழுத்துக் கட்டிய கயிறுகளுக்கு. கைப்பிடிச் சட்டத்தைத் தடவினேன். மூன்று பக்கம் சொரசொரப்பு. கிழக்கே மட்டும் வழவழவென்று தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. சரக்குக் கப்பலுக்குக் காத்து எத்தனை முழங்கைகள் ஊன்றியிருக்கும்! நானும் ஊன்றினேன். பிறகு அளந்தேன். அரை அங்குலப் பள்ளம்.

அங்கே நின்றபடியே ஜோசுவாவை அழைத்தேன். "மேல ஏறாமலே எழுதிட்டேன்பா. தப்பு என்னுது. இடிக்கக் கூடாது."

அவர் கேட்டார்: "ஓனருக்கு யாரு சார் சொல்றது?"

"நானே சொல்றேன்."

உண்மையிலேயே நான்தான் சொன்னேனா?

10-2, திங்கள்

வீட்டுக்காரர் அரை மணி நேரம் திட்டினார். ஒவ்வொன்றும் நியாயம். கடைசியில், "சரி, பேனல மொட்டை மாடியிலயே வெச்சுக்கறேன், போதுமா?" என்றார்.

போதும், போதும்!

2-3, ஞாயிறு

திருத்திய அறிக்கை போய்ச் சேர்ந்தது. முதல் பக்கத்திலேயே என் தவறு, என் பெயரோடு.

மாலையில் எஸ்தர் போனில் பேசினாள். வீட்டுக்காரரும் மனைவியும் சென்னையிலிருந்து வந்தால் மேடையைவிட்டு இறங்குவதே இல்லையாம். "காபியக்கூட மேலயே கொண்டாங்கறாங்க சார். ஏறி எறங்கி என் முட்டி போச்சு. எல்லாம் உங்களாலதான்."

மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே சிரித்துவிட்டேன்.